எட்டாவது நாடு வேணாம்னு சொல்லிச்சு

எங்க அக்கா சுபாங் ஜெயாவுல ஒரு காலேஜ்ல விண்வெளி சட்டம் சொல்லிக் குடுத்துச்சு. நிலா யாருக்கு சொந்தம், மேல சுத்துற குப்பைய யாரு அள்றதுன்னு. நான் வீட்ல ஓயாம கிண்டல் பண்ணுவேன். நிலாவுல கண்ட இடத்துல கார நிறுத்துனா யாரு சம்மன் போடுவான்னு கேப்பேன். தலகாணி பறந்து வரும்.

அக்காவுக்கு கான்ட்ராக்ட் முடியப் போற நேரம். காலேஜ் பெரிய மேடம் வந்து ஒரு கிளாஸ் உக்காந்து பாப்பாங்க, அத வச்சுதான் வேலை நிக்குமா போகுமான்னு முடிவு. அந்த கிளாஸ்ல புக்கு கிடையாது. எட்டு மாணவங்க எட்டு நாடா உக்காந்து, நிலாவுல உறைஞ்சு கெடக்குற தண்ணிய யாரு எடுக்கலாம்னு பேசி, ஒப்பந்தம் எழுதி கையெழுத்து போடணும். ஓட்டெடுப்பு இல்ல. ஒரே ஒரு நாடு வேணாம்னாலும் ஒப்பந்தம் நின்னுடும்.

அன்னைக்கு காலையில எட்டாவது நாட்டுக்கு காய்ச்சல். அக்கா என்னைப் பாத்துச்சு. நான் ஃபார்ம் த்ரீயோட, பதினஞ்சு வயசுல ஸ்கூல விட்டவன், கிள்ளான்ல டயர் கடையில வேலை.

"ராக்கெட் இல்லாத சின்ன நாடுடா நீ. டீ பிரேக் வரைக்கும் வீட்ல மாதிரி கொடைச்சல் குடு. அப்புறம் சரின்னு சொல்லிரு லா."

ராக்கெட் வச்ச நாடுங்க, முதல்ல போறவன் எடுத்துக்கலாம்னு எழுதுனாங்க. நான் கைய தூக்கி எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இங்கிலீஷ்ல சொன்னேன்: எங்க ஏரியாவுல கொழாயில தண்ணி கட் ஆனா தண்ணி லோரி வரும். பெரிய டிரம்மோட முன்னாடி நிக்கறவன் ரொப்பிட்டு போயிருவான். வாளியோட கடைசியில நிக்கறவனுக்கு பைப்புல காத்துதான் வரும். எங்க நாடு வாளி. கடைசியா நிக்கறவனுக்கு எவ்ளோன்னு எழுதுங்க.

முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் எழுதிக்கிட்டாங்க. நான் பேசுனத அதுவரைக்கும் யாரும் எழுதி வச்சதே இல்ல.

பிரேக் முடிஞ்சு, எல்லாருக்கும் பங்கு உண்டுன்னு ஒரு வரி சேத்தாங்க. எவ்ளோன்னு போடல. யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கான்னு அக்கா கேட்டுச்சு. என்னைப் பாத்து, போதும்ங்கற மாதிரி லேசா தலையாட்டுச்சு.

"இருக்கு"ன்னேன்.

திருத்துனாங்க. மறுபடி இருக்குன்னேன். பசங்க உற்சாகமா மேசைய தட்டுனாங்க. எனக்கு நிறுத்த மனசு வரல. அக்கா மூஞ்சிய மட்டும் நான் பாக்கவே இல்ல. நேரம் முடிஞ்சிருச்சு. கையெழுத்து தாள் வெறுமனே கெடந்துச்சு. பெரிய மேடம் பேனாவ மூடிட்டு எழுந்து போனாங்க.

கிளாஸ முடிச்சு வைக்கத் தெரியலன்னு எழுதி, கான்ட்ராக்ட நீட்டாம விட்டுட்டாங்க. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலை. "நீ கேட்டது சரியான கேள்விதான்டா"ன்னு மட்டும் சொல்லிச்சு. இப்ப பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல வீட்டு லோன் பேப்பருக்கு ஸ்டேப்ளர் அடிக்குது. நிலாவப் பத்தி பேசறதில்ல. நானும் கிண்டல் பண்றதில்ல.

போன சனிக்கிழமை தண்ணி கட். லோரி வந்துச்சு. நானும் அக்காவும் வாளியோட வரிசையில நின்னோம். முன்னாடி ஒரு அங்கிள், நாலு டிரம்.

"கேளேன்டா"ன்னு அக்கா மெதுவா சொல்லிச்சு. "அன்னைக்கு கேட்டியே."

நான் கேக்காம, தரையப் பாத்துக்கிட்டு, வாளிய கை மாத்திப் புடிச்சுக்கிட்டேன்.