மின்சாரக் கார் நின்றது, நான் மீன் விற்றேன்

சந்தன வாசனை வந்தால் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வரும். எனக்குச் சாளை மீன் ஞாபகம் வருகிறது. போன வருடம், மழை விட்டு வெயில் சுள்ளென்று ஏறிய ஒரு சனிக்கிழமை. குன்னத்துகால் தாண்டி நெய்யாற்றின்கரைக்குப் போகிற வழியில், இரண்டு பக்கமும் ரப்பர் நிற்கும் ஒரு வளைவில் நடந்தது இது.

எங்கள் வீடு கேரள எல்லையில், பனச்சமூடு பக்கம். மீன் வாடையே ஆகாத சைவ வீடு. மீன்காரி தெருவில் கூவினால் ஜன்னலைச் சாத்துகிற வீடு. அந்த வீட்டிலிருந்து நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்று, நானே சேர்த்த பணத்தில் ஒரு மின்சாரக் கார் வாங்கியிருந்தேன். வாங்கி மூன்றே நாள். சத்தமில்லை, புகையில்லை, நீரில் இலை போவதுபோல் போகும். முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும், கோட்டைத் தாண்டினால் தானே எச்சரிக்கும் என்று ஷோரூமில் சொன்னதை நான் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

அன்று பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு. ஆறு வருடமாக, இரண்டு பிள்ளைகளையும் தூங்க வைத்துவிட்டு, அடுக்களையில் உட்கார்ந்து படிக்கிறவள். வயது வரம்புப்படி அவள் எழுதக்கூடிய கடைசித் தேர்வு அதுதான். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடம். ஒன்றரை மணிக்குக் கேட்டை அடைத்துவிடுவார்கள். அவள் காலையிலேயே பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். தடுத்தது நான்தான். "பஸ்ஸுல எதுக்குப் பிள்ளேய் வேர்த்து வடிஞ்சு போற? பன்னிரண்டு மணிக்கு எறங்குவோம், நான் கொண்டு விடுதேன்" என்றேன். உதவிதான். ஆனால் பாதிக்குமேல் பெருமை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அன்று காலைதான் செங்கல் என்கிற ஊரில் ஒரு கோயில் வாசலில் வண்டிக்குப் பூஜை முடித்திருந்தேன். பூசை செய்கிற போற்றி ஒரு பொட்டுச் சந்தனம் தொட்டு வைத்தார், அவ்வளவுதான். எனக்குப் போதவில்லை. மிச்சச் சந்தனத்தை இலையோடு வாங்கி, வண்டியின் மூக்கில் பளபளவென்று இருந்த முத்திரை மேல் ஐந்து விரலாலும் அப்பினேன். நடுவில் குங்குமம். அதற்கு மேல் ஒரு செவ்வரளி மாலை. பார்த்துப் பார்த்து நானே ரசித்தேன்.

வெள்ளறடை தாண்டியதும் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் இன்னொன்று. திரையில் வரிசையாக வந்தன: முன்னால் பார்க்க முடியவில்லை, பிரேக் உதவி இல்லை, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தவும். புது வண்டி, கொஞ்சுகிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன். குன்னத்துகால் தாண்டியதும், காக்கைகூட இல்லாத சாலையில் வண்டி தானாகப் பிரேக் போட்டது. பக்கத்து சீட்டில் அந்தப் பெண்ணின் மடியிலிருந்த ஃபைல் பறந்து ஹால் டிக்கெட் காலடியில் விழுந்தது. மறுபடி எடுத்தேன். இருபதடி போயிருக்கும். மறுபடியும் பிரேக். இந்த முறை பின்னால் ஒரு கிரீச்.

கண்ணாடியில் பார்த்தால், மீன் பெட்டி கட்டிய ஒரு ஸ்கூட்டர் என் பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நிற்கிறது. அதிலிருந்து இறங்கி வந்தவளுக்கு நாற்பது வயது இருக்கும்.

"எந்தம்மோ! நடு ரோட்டுல யாருக்குச் சேச்சி பிரேக் போட்டிய? பேயி குறுக்க போச்சா?"

"நான் போடல்ல. வண்டி தானா போடுது."

"தானாட்டா? அப்பம் நீங்க எதுக்கு உள்ள இருக்கிய?"

நான் இறங்கினேன். மூன்று பேருமாக வண்டியை ஓரத்தில் தள்ளினோம். மணி பன்னிரண்டே முக்கால். பஸ் போய்விட்டது. வந்த இரண்டு ஆட்டோவிலும் ஆள். பக்கத்து வீட்டுப் பெண் ஹால் டிக்கெட்டில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் பார்க்க முடியாமல் ரப்பர் மரங்களைப் பார்த்தேன். ஆறு வருடத்தை முக்கால் மணி நேரத்தில் அழித்துவிட்டேனே.

மீன்காரி அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். கேலி முகம் மாறியது.

"கடைசிச் சான்ஸா பிள்ளேய்?"

அவள் தலையாட்டினாள்.

அவ்வளவுதான். மீன்காரி கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள். "ஒரு கை பிடிங்க சேச்சி. பெட்டிய எறக்கணும். இதையும் வச்சிட்டு ரெண்டு ஆளு கேற முடியாது. எனக்கு அந்த ஸ்கூல் தெரியும், குறுக்கு வழி உண்டு. நீங்க மீனப் பாத்துக்கிடுங்க."

"நானா?"

"பின்ன பூனையையா நிறுத்திட்டுப் போவட்டு? இந்த நேரம் நமக்க கிட்ட மீன் வாங்குத வீட்டுக்காரிய வருவாளுவ. கேட்டத எடுத்துக் குடுங்க, போதும்."

சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு ஹெல்மெட்டை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் கவிழ்த்தாள். "அக்கா, நான் போவட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஏறினாள். நான் "போ, போ" என்று கையை ஆட்டினேன். வளைவில் அவள் சேலைத் தலைப்பு ஒரு நொடி தெரிந்தது. அப்புறம் நானும் ரப்பரும் மீனும்.

கார் கம்பெனிக்குப் போன் போட்டேன். தூக்கிப் போகும் லாரி வர மூன்று மணி நேரமாகும், பக்கத்தில் அடையாளமாக என்ன இருக்கிறது என்று கேட்டான் ஒரு தம்பி. ரப்பர் மரம் என்றேன். அவன் பொறுமைசாலி. கேட்டுக்கேட்டுக் கடைசியில், "முன்னாடி இருக்கிற லோகோ மேல ஏதாவது ஒட்டியிருக்கா மேடம்? அதுக்குப் பின்னாலதான் சென்சார் இருக்கு" என்றான்.

போய்ப் பார்த்தேன். என் ஐந்து விரலும் அப்படியே காய்ந்து வெடித்து இருந்தன. மாலை காற்றில் ஆடி ஆடி மிச்சக் கண்ணையும் மறைத்துக்கொண்டிருந்தது. வழி பார்க்கிற கண்ணில் சந்தனத்தைப் பூசிவிட்டு, பார்க்கவில்லையே என்று நான் வண்டியைக் குறை சொல்லியிருக்கிறேன். கழுவித் துடைத்து, ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், விளக்கு அணையாவிட்டால் எடுக்காதீர்கள் என்றான் தம்பி. எதைக்கொண்டு கழுவ? குடிக்கக் கொண்டுவந்த ஒரே பாட்டில் அந்தப் பெண்ணோடு போய்விட்டது.

அப்போது சட்டியும் கையுமாக ஒரு பெண் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், என் பட்டுச் சேலையைப் பார்த்தாள்.

"அவ எங்க? மீன் யாவாரம் இப்பம் காருலயாக்கும்?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் அதற்குள் என் பின்னால் நின்று இரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டாள். "அயில இருந்தா எடுங்க" என்றாள் ஒருத்தி. எது அயிலை, எது சாளை? ஒன்றைத் தூக்கிக் காட்டினேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் மரத்தில் கட்டியிருந்த ரப்பர் பால் சிரட்டை கவிழ்ந்திருக்கும். "பெருசு அயில, சிறுசு சாள. சாளைய வாலுல பிடிக்காதீங்க, சாடிப் போவும்." நான் அள்ளினேன். வழுக்கி விழுந்தது. மறுபடி அள்ளினேன். இலையில் பொதிந்தேன். நாலாவது பொதியில் கை பழகிவிட்டது. ஐந்தாவதில், சொன்னால் நம்பமாட்டீர்கள், "நல்ல பிடைக்கிற மீன், துடிக்கிற மீன்" என்று நானே கூவினேன்.

தண்ணீர் கேட்டபோது சட்டிக்காரிதான் சொன்னாள். "பெட்டிக்க அடியில ஐஸ் உருகி வெள்ளம் கெடக்கே."

 என் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் ஒன்றாகச் சாத்தப்படுவது காதில் கேட்டது. அப்புறம் இரண்டு கையாலும் மொண்டு வண்டியின் முகத்தில் ஊற்றினேன். கைக்குட்டை போதாமல் முந்தானையால் துடைத்தேன். மாலையைக் கழற்றி மரத்தில் போட்டேன். அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒவ்வொரு விளக்காக அணைந்தது. மூன்று பேர் சேர்ந்து கைதட்டிய ஒரே மீன் கடை உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

வண்டி சரியாகிவிட்டது. ஆனால் மீனை விட்டுவிட்டு எங்கே போவது? ஒப்புக்கொண்ட வேலை. நின்றேன்.

ஒன்றே முக்காலுக்கு ஸ்கூட்டர் வளைவில் திரும்பியது. பின் சீட் காலி. அந்தக் காலி இடத்தைப் போல் ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"அஞ்சு மினிட்டு பாக்கி இருக்கச்சில உள்ள கேத்தி விட்டாச்சு" என்றாள். என் பக்கம் மூக்கை நீட்டினாள். "சேச்சிக்கு இப்பம் நம்மளுக்க மணம் வந்திருக்கே!"

நான் அவள் கையைப் பிடித்தேன்.  குறுக்கு வழியெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன், பேச்சுக்கு. பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அதே ஸ்கூல்ல நானும் ரெண்டு தடவ எழுதினவளாக்கும். மூணாந் தடவ பஸ்ஸு கிட்டல்ல. கேட்டுக்கு வெளிய நின்னேன். பொறவு வயசு கழிஞ்சு போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். வருத்தத்தை மறைக்கிற சிரிப்பில்லை. ஒரு வேலையை நன்றாக முடித்தவளின் சிரிப்பு.

இன்றைக்கும் வண்டியில் ஏதாவது ஒரு விளக்கு எரிந்தால் நான் உடனே ஓரமாக நிறுத்திவிடுகிறேன். நிறுத்திவிட்டு, பயத்தோடல்ல, ஏதோ விருந்துக்குக் காத்திருப்பவள்போல, சாலையில் யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அன்று மீன்காரி ஸ்கூட்டரை எடுத்தாள். பத்தடி போய் நிறுத்தி, ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கித் திரும்பிப் பார்த்தாள்.

"சேச்சி, அந்தப் பிள்ளையத் திரும்பக் கூட்ட நீங்கதான போவிய? மெதுவாப் போங்க. பரீட்ச எப்பிடி எழுதினாளுன்னு மட்டும் கேக்காதீங்க, என்னா? அவளே சொல்லட்டு."