சிப்பாய் நெற்றியில் பொட்டு

ரவுண்ட் ராக் என்ற அமெரிக்க ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் காகிதப் புத்தகங்கள் என்று இருப்பவை ஒரே கவிதையின் பல பதிப்புகள் மட்டுமே. மற்றதையெல்லாம் டேப்லட்டில்தான் படிப்பேன். ருஷ்யப் புரட்சிக் காலத்துக் கவிதை அது. பனியில் நடந்துபோகும் சிப்பாய்களைப் பற்றியது. எனக்கு ருஷ்ய மொழி ஓர் எழுத்துகூடத் தெரியாது, படங்களுக்காகச் சேர்க்கிறேன். ஒரே சிப்பாயை ஓர் ஓவியர் ஈர்க்குச்சி மாதிரி வரைந்திருப்பார், இன்னொருவர் ஸ்வீட் கடை முதலாளி மாதிரி. யாருக்கு மீசை, யாருக்கு இல்லை, பனியை வரைந்தார்களா, வெறும் காகிதமாக விட்டார்களா என்று எக்செல்லில் குறித்து வைத்திருக்கிறேன். அதில் முதல் வரி, என் அப்பா காலேஜ் நாட்களில் வாங்கிய தமிழ் மொழிபெயர்ப்பு.

என் டீமில் இருக்கும் ருஷ்யத் தோழி இதைக் கேள்விப்பட்டு, தன் அப்பாவின் பழைய பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அட்டை முழுக்க ஒரு சிப்பாயின் முகம். "அப்பாவுக்குத் தெரியாது. நான் தொட்டாலே திட்டுவார். அவர் இங்கே வருவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு" என்றாள்.

அவர் வந்து இறங்கியது சரஸ்வதி பூஜை அன்று. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாக மெசேஜ் அனுப்பினாள்.

ஈரோட்டிலிருந்து வந்திருந்த அம்மா காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டார். காருக்கு, டிஷ்வாஷருக்கு, வேக்யூம் கிளீனருக்கு எல்லாம் பொட்டு. "ஆஃபீஸ் லேப்டாப் மட்டும் வேண்டாம்மா, மீட்டிங் இருக்கு" என்று கெஞ்சிவிட்டு மாடிக்குப் போனேன். மீட்டிங் முடிந்து இறங்கினால், பூஜையில் வைக்க வீட்டில் வேறு புத்தகம் கிடைக்காமல் என் சிப்பாய்கள் எல்லோரும் பொரி, கடலைக்குப் பின்னால் அணிவகுத்து நின்றார்கள். தோழியின் புத்தகம் நடுவில். நெற்றி இருந்தால் பொட்டு நெற்றியில்தானே வைக்க வேண்டும்? சிப்பாயின் இரண்டு புருவத்துக்கும் நடுவே, அளவெடுத்த மாதிரி, சந்தனமும் அதன்மேல் குங்குமமும்.

"அம்மா! இது சாமியே கிடையாதுன்னு சொன்னவங்க புஸ்தகம்!"

"அவங்க சொன்னா புஸ்தகம் என்ன பண்ணும் பாவம்?"

"சாயங்காலம் அவ வந்து கேப்பாம்மா."

"நாளைக்குக் காலைல மறுபூஜை முடிச்சு எடுத்துத் தரேன் கண்ணு. இன்னிக்கு எடுக்கக் கூடாது, படிக்கவும் கூடாது."

"அவ ருஷ்யாக்காரிம்மா."

"சரஸ்வதிக்கு ருஷ்யா தெரியாதாக்கும்!"

பழைய காகிதத்தில் குங்குமக் கறை போக என்ன செய்வது என்று நெட்டில் தேடினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: தொடாதே.

தோழி வந்தாள். பூஜையைப் பார்த்தாள். அவள் முகமும் அட்டையில் இருந்த முகமும் ஒரே மாதிரி விறைத்திருந்தன. பொட்டு மரியாதைக்காக வைப்பது, இன்று வேக்யூம் கிளீனருக்கும் உண்டு என்று விளக்கினேன். அது உதவவில்லை. அதற்குள் அவள் போன் அடித்தது. அப்பா, வீடியோவில். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை போலும். கேமராவைப் பூஜைப் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். நான் மன்னிப்பு வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். பிறகு அவர் ஏதோ கத்தினார்.

"ஓரத்தில் இருப்பது எந்தப் பதிப்பு என்று கேட்கிறார். அந்த எழுத்தை அவர் பார்த்ததே இல்லையாம்" என்றாள் தோழி.

என் அப்பாவின் தமிழ்ப் புத்தகம்!

"உள்ளே படம் உண்டா? ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம் திருப்பிக் காட்டச் சொல்கிறார்."

அம்மாவிடம் சொன்னேன். அம்மா போனைப் பார்த்து, நிதானமாகத் தமிழிலேயே சொன்னார்: "நாளைக்குக் காலைல வாங்க அங்கிள். இன்னிக்குத் தொடக் கூடாது." தன்னைவிட மூத்தவரைத்தான் அங்கிள் என்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியாது; அவருக்கு இந்த ஊரில் எல்லோரும் அங்கிள். நான் ஆங்கிலத்தில் சொல்ல, தோழி அதை ருஷ்ய மொழியில் சொன்னாள்.

விடிந்து அம்மா குளித்து வருவதற்கு முன்பே தோழியின் அப்பா அவளோடு வாசலில் நின்றார். மறுபூஜை முடியும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார். பிறகு தமிழ்ப் புத்தகத்தோடு உட்கார்ந்தவர் மதியச் சாப்பாடுவரை எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போதுதான் தன் புத்தகம் ஞாபகம் வந்தது. சந்தனம் காய்ந்து பெயர்ந்திருந்தது. குங்குமம் மட்டும் இளஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் ஊதிப் பார்த்தார், அட்டையைச் சாய்த்துப் பார்த்தார், பிறகு மகளிடம் ஏதோ சொன்னார்.

"இப்போதுதான் இவன் முகத்தில் கொஞ்சம் களை வந்திருக்கிறதாம்" என்றாள் அவள்.

அன்று இரவு எக்செல்லில் ஒரு புதிய தலைப்பு சேர்த்தேன். மீசைக்குப் பக்கத்தில், பொட்டு.