பத்தாயிரத்து ஏழு மூட்டையும் என் சிம்மாசனமும்

ஈரச் சாக்கு வாசம்... மூக்கில் ஏறினால் மூன்று ஜென்மத்துக்கு இறங்காது.

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை குடோன். பி.எஸ்சி. கணிதம் முடித்த கையோடு அங்கேதான் என் சாம்ராஜ்யம் தொடங்கியது. வேலை, மூட்டைக் கணக்கு எழுதுவது. லோடுமேன்களின் மேஸ்திரி செபஸ்தியான் அண்ணன், நான் சேர்ந்த அன்றே ஒரு மூலையில் மேஜையும் இருக்கையும் அமைத்து, மேலே போர்வை விரித்துக் கொடுத்தார். உட்கார்ந்தால் கொஞ்சம் குத்தும். ஆனால் சோழ சக்கரவர்த்திக்கே அவ்வளவு அகலம் வாய்த்திருக்காது.

அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லோருமே திருடர்களாகத் தெரிந்தார்கள்...

அறுவடை முடிந்து நெல் வந்து இறங்கிய வாரம். நோட்டில் மொத்தம் 10,007 மூட்டை. குடோனிலோ மூட்டைகளை அடுக்கிய அட்டி எல்லாமே ஒரே அளவு, உதிரியாக ஒரு மூட்டை கிடையாது. எனக்கு உள்ளுக்குள் மணி அடித்தது.

எண்ணிப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. நான் எண்ணவில்லை, வகுத்தேன். நூறுக்குள் இருக்கும் பகா எண்கள் இருபத்தைந்து. இரண்டில் தொடங்கி தொண்ணூற்றேழு வரை ஒவ்வொன்றாகப் போட்டேன். எதிலும் மீதி. ஆக, 10,007 ஒரு பகா எண். அதைச் சம அட்டிகளாகப் பிரிக்க ஆண்டவனாலும் முடியாது.

முதலாளியிடம் போய் முழங்கினேன். அவருக்குப் பகா எண் புரியவில்லை, திருட்டு என்பது மட்டும் புரிந்தது. ஆள் விட்டு எண்ணினார். நூறு அட்டி, அட்டிக்கு நூறு. ஏழு குறைந்தது.

"சாயங்காலத்துக்குள்ள ஏழு மூட்டையும் வரணும் செபஸ்தியான். இல்லேன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்."

அண்ணனுக்கு அது இருபது வருஷ வேலை. நான் என் சிம்மாசனத்தில் போய் அமர்ந்து, அவர் முகத்தில் குற்றத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் தலையைச் சொறிந்தபடி குடோனைச் சுற்றி வந்தார். என் முன்னால் நின்றார். சிரிப்பை அடக்கத் தோள் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் எழுந்திரிங்க தம்பி."

எழுந்தேன். போர்வையை உருவினார். மேஜைக்கு நாலு மூட்டை, எனக்கு அடியில் மூணு.

"படிச்ச புள்ள தரையில குந்தக் கூடாதேன்னு நாந்தான் போட்டேன். எனக்கே மறந்து போச்சு..."

முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் ஏழு மூட்டை நெல்லும் பொரிந்திருக்கும். மறுநாளும் அண்ணன் வேலைக்கு வந்தார். எனக்கு டீயும் வாங்கி வந்தார். அதைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போனேன். குடோன் இப்போது மண்டபம். வரிசை பிசகாமல் பிளாஸ்டிக் நாற்காலிகள். என்னுடையதைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

சும்மா போனில் 10,007 போட்டுப் பார்த்தேன். கண் சிமிட்டுவதற்குள் பகா எண் என்று சொல்லிவிட்டது...

எழுந்திரிக்கத்தான் சொல்லவில்லை.