அந்தமான் போய் வந்த திமிர்

அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த அருஞ்சுனைக்கு, ஊரார் கண்களெல்லாம் தன் பொறுப்பு என்ற எண்ணம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. வாரமெல்லாம் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் வெள்ளைச் சட்டையில் ஊர்ச் சேவைச் சங்கத்து பேட்ஜைக் குத்திக்கொண்டு திருச்சுழிக்கோ நரிக்குடிக்கோ பஸ் ஏறிவிடுவார். அங்கே பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடக்கும். டாக்டர்கள் வருவதற்கு முன்னால் அருஞ்சுனை பேசுவார். அவர்கள் போன பிறகும் பேசுவார். நடுவில் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் வைத்தியமும் நடந்தது.

அந்தச் சேவையில் பாதி, அவர் சம்சாரம் குருவம்மாள். பந்தல்குடியில் பிறந்து இரும்புக்கடைக்கு வாக்கப்பட்டு வந்தவள். பிள்ளை இல்லாத குறைக்குத்தான் புருசனும் பெண்டாட்டியும் ஊர்க் கண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று ஊர் ஒரு காரணமும் வைத்திருந்தது.

முகாமில் குருவம்மாளின் உத்தியோகம் பெரியது. எழுத்துப் படிக்காத சனங்களுக்கென்று ஓர் அட்டை உண்டு. அதில் மூன்று கால் வைத்த ஒரே எழுத்து, மேலே பார்த்தும் கீழே பார்த்தும் வலம் இடமாகத் திரும்பியும் வரிசை வரிசையாக நிற்கும். மேல் வரிசையில் யானை மாதிரி. அடி வரிசையில் எறும்பு மாதிரி. குருவம்மாள் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொடுவாள். தூரத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள், கால்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று மூன்று விரலை நீட்டிக் காட்ட வேண்டும். சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்வது குருவம்மாள். கண்ணில்லாதவர்கள் அழுவார்கள், உள்ளவர்கள் மருந்து வேண்டுமென்று அழுவார்கள். எல்லாரையும் பிரம்பைக் காட்டி அடக்கியாண்டாள்.

இப்படி வருசக்கணக்காக நின்றதில் அட்டை முழுதும் அவளுக்குத் தாலாட்டு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. “மேல, வலம், கீழ, கீழ, இடம்” என்று சோறு வடிக்கும்போதுகூட முணுமுணுப்பாள். அட்டையைத் திரும்பிப் பார்த்தே நாளாயிற்று. பார்க்க வேண்டிய அவசியம் என்ன இருக்கிறது?

அந்தக் காலத்தில்தான் அவளுடைய இடது கண் அடைந்துகொண்டு வந்தது. கிணற்றுக்குள் இறங்கி நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி, சுற்றிலும் இருட்டு. நடுவில் ஒரு வட்டம். பிறகு அந்த வட்டமும் போயிற்று. கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வாள். “வீட்டைக் கோணலாக் கட்டியிருக்காக” என்று கொத்தனார் மேல் பழியைப் போடுவாள். முகாமுக்கு வருகிற பெண்களிடம், “கண்ணுல கோளாறுன்னா ஒளிக்காதீக ஆத்தா, நேரத்தோட காட்டுங்க” என்று மட்டும் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தன் கண்ணையும் ஒரு நாள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள்.

அப்போது எண்பத்தாறாம் வருசம். அந்தமானில் தமிழர்கள் குடியேறிய ஊர்களில் முகாம் நடத்தப் போவதாகவும், தொண்டு செய்ய ஒரு தம்பதி வேண்டுமென்றும் மேலிடத்திலிருந்து சங்கத்துக்குத் தகவல் வந்தது. தம்பதியாகத்தான் வர வேண்டும். இரண்டு பேருக்கும் உடம்பும் கண்ணும் சுகமாக இருக்க வேண்டும். அருஞ்சுனை மார்பை நிமிர்த்தினார். நிமிர்த்திய மறுநாளே, அரிசி மில் சீனிச்சாமியும் தன் சம்சாரம் ராமலட்சுமியோடு போகத் தயார் என்று அறிவித்தார். சீனிச்சாமிக்குக் கண் மேல் அக்கறை எதுவும் இல்லை. அருஞ்சுனை மேல்தான் இருந்தது.

பஜாரில் வேறு பேச்சே இல்லை.

“ஏலே அருஞ்சுன, அந்தமானுக்காமே? என்னலே குத்தம் செஞ்ச?”

“பெண்டாட்டியையுமா அனுப்புறாக? அப்ப ரெட்டைத் தண்டனைதான்.”

அருஞ்சுனை எல்லாவற்றையும் மாலையாகவே வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் குருவம்மாளிடம் சொன்னார்: “இந்தா, இது நம்ம மானப் பிரச்சனை. உனக்கு ஒரு தும்மல் இருந்தாக்கூட சீனிச்சாமி கப்பல் ஏறிருவான்.”

குருவம்மாள் அன்றைக்குச் சொல்ல வந்ததை விழுங்கினாள்.

சங்கத்துக் கட்டடத்தில் கண் சோதனை. டாக்டர் வர நேரமாகும் என்று, பிரம்பை அருஞ்சுனையே பிடித்தார். குருவம்மாள் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். எதிரே ஒன்றுமில்லை. அட்டை இல்லை, சுவர் இல்லை, புருசன்கூட இல்லை. பிரம்பு தட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் விரல்கள் தாமாக எழுந்தன. மேல, வலம், கீழ, கீழ, இடம். எறும்பு வரிசைவரை ஒரு பிசகில்லை.

“பருந்துக் கண்ணுய்யா!” என்றார் அருஞ்சுனை. அங்கேயிருந்த சங்கத்துக்காரர்கள் கைதட்டினார்கள். சீனிச்சாமி மட்டும் தட்டவில்லை.

மழையைக் கண்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற சீமையிலிருந்து போனவர்களுக்கு, அந்தமான் ஒரு பைத்தியக்கார ஊராகத் தெரிந்தது. அங்கே மழையை யாருமே மதிக்கவில்லை. “இதுல ஒரு நாள் மழைய நம்ம கம்மாய்க்குள்ள விட்டா மூணு போகம் வெளையும்” என்று அருஞ்சுனை கண்ட ஆளிடமெல்லாம் கணக்குச் சொன்னார். குருவம்மாளுக்குக் கடல் ஒரு வட்டமாகத்தான் தெரிந்தது. தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகப் பார்த்துவைத்துக்கொண்டாள். வலது கண்ணும் புகைய ஆரம்பித்திருந்தது.

போர்ட்பிளேரிலிருந்து சின்னத் தீவுக்குப் படகில் போகும்போது, அருஞ்சுனையின் பொறுப்பில் இருந்த அட்டை கடல் தண்ணீரில் நனைந்து கூழாகிவிட்டது. பொறுப்புள்ள மனிதர் அதை வெளியில் சொல்வாரா? அங்கிருந்த சுகாதார நிலையத்தில் பதுங்கிப் போய் வேறோர் அட்டை வாங்கிவந்து, கொட்டகையில் ஆணியடித்து மாட்டினார். அட்டை என்றால் அட்டைதானே. பெண்டாட்டியிடம் சொன்னால் டாக்டர் காதுக்குப் போகும் என்று அவளிடமும் மூச்சுவிடவில்லை. இந்த அட்டையில் எழுத்துகள் வேறு வரிசையில் நின்றன.

தென்னங்கீற்றுக் கொட்டகை; வெளியே மழை இருட்டு. குருவம்மாள் பிரம்பை எடுத்தாள். பழைய இடங்களில் தொட்டாள். பழைய தாலாட்டை வைத்துத் தீர்ப்புச் சொன்னாள்.

ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய சைதுன் பீவி என்ற பெண்தான் முதலில் மல்லுக்கு நின்றாள். “தாயி, அது கீழயில்ல பாக்குது? நீங்க மேலங்கிறீக?”

“உனக்குக் கண்ணு தெரியலேன்னுதானே இங்க வந்திருக்க? பேசாம அந்தப் பக்கம் போயி உக்காரு.”

“ஊசில நூல் கோப்பேன் தாயி நானு! தலவலிக்கு மாத்திர வாங்க வந்தேன்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக.”

மத்தியானத்துக்குள், ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கிய பக்கத்தில் தீவில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவன், மரமேறுகிறவன், சுகாதார நிலையத்துக் காவல்காரன் எல்லாரும் குருடர்களாகிவிட்டார்கள். நாலு பக்கமும் குத்துமதிப்பாக விரலை ஆட்டிய ஒரு கிழவருக்கு மட்டும் முழுப் பார்வை என்று தீர்ப்பாகி, அவர் சுவரைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

டாக்டர் சுபத்ரா டார்ச்சடித்துப் பார்த்தார். ஒரு கண், இரண்டு கண், பத்துக் கண். எல்லாம் பளிங்கு. எழுந்து வந்து அட்டையைப் பார்த்தார். குருவம்மாளைப் பார்த்தார். பிறகு அவள் இடது பக்கமாக ஒரு விரலைக் கொண்டுபோய் ஆட்டினார். குருவம்மாள் நேரே பார்த்தபடி, “அடுத்த ஆளு வாங்க” என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் வைத்து டாக்டர் சொன்னார். “கண்ணுல பிரஷர்மா. இடது கண் போயிருச்சு. அது திரும்ப வராது. வலது கண்ணுல ஓரமெல்லாம் போயி, நடுவுல கொஞ்சந்தான் மிச்சமிருக்கு. எப்ப இருந்து தெரியல?”

“ஒரு வருசத்துக்கு மேல இருக்கும்.”

“உங்களுக்கு டெஸ்ட் செஞ்சாங்களே, யாரு செஞ்சது?”

குருவம்மாள் புருசன் நின்ற பக்கம் தலையைத் திருப்பினாள். அருஞ்சுனை தொண்டையைச் செருமினார். அவர் வாழ்க்கையில் பேச்சு வராமல் நின்ற முதல் சந்தர்ப்பம் அது.

“உடனே மதுரைக்குப் போங்க. ஒவ்வொரு நாளும் முக்கியம்” என்றார் டாக்டர். ஆனால் புயல் சின்னம் என்று கப்பலை நிறுத்திவைத்திருந்தார்கள். கப்பல் கிளம்பி, சென்னைக்கு வந்து, மதுரை ஆஸ்பத்திரிப் படியேறியபோது வலது கண்ணில் வெளிச்சம் எது, நிழல் எது என்கிற அளவுக்குத்தான் மிச்சமிருந்தது. ஆபரேஷன் அந்த வெளிச்சத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் அருஞ்சுனை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாலவநத்தம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: “குருவு, ஊர்ல இப்பச் சொல்ல வேண்டாம்ல?”

“உங்க இஷ்டம்.”

“கண் முகாம் நடத்துறவன் பெண்டாட்டிக்கே கண்ணில்லேன்னா, நாளைக்கு எவன் வருவான்? நரிக்குடியில தேதி குடுத்தாச்சு.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அன்றிலிருந்து குருவம்மாள் கண் தெரிகிறவளாக வாழ்ந்தாள். வீட்டுக்குள் கையே கண். தெருவுக்கு வந்தால் புருசனின் முழங்கை. எதிரே வருகிறவர்கள் சிரித்தால் இவள் சிரிக்க மாட்டாள். கும்பிட்டால் கும்பிட மாட்டாள். அருப்புக்கோட்டை இதற்கான காரணத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. “கப்பல்ல போயிட்டு வந்ததுல இருந்து கண்ணு மண்ணு தெரியல அவளுக்கு. புருசன் கையைக் கோத்துக்கிட்டுத்தான் நடக்கா, வெள்ளக்காரி கணக்கா.” முகாம்கள் நடந்தன. வேறொரு பெண் பிரம்பு பிடித்தாள். மேடையில் குருவம்மாளுக்கு ஒரு நாற்காலியும் ஒரு சால்வையும் போட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு நாள் காலை, ராமலட்சுமி தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்தாள். தட்டில் பத்திரிகையும் வெற்றிலை பாக்கும் திறந்த குங்குமச் சிமிழும். பழைய பகையை மறந்து வாசற்படியில் நின்று, “எடுத்துக்கங்க மதினி” என்று நீட்டினாள். குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்ட குருவம்மாள் ஆசையாகக் கையை நீட்டினாள். கை தட்டின் விளிம்பில் பட்டது. சிமிழ் கவிழ்ந்து நிலைப்படியெல்லாம் சிவப்பாகிவிட்டது.

ராமலட்சுமி கவிழ்ந்த சிமிழைப் பார்த்தாள். கல்யாணக் குங்குமம்.

“எம்மகளுக்கு நல்லது நடக்கப் போறது பிடிக்கலேன்னா வாயால சொல்லிருக்கலாம்ல மதினி?”

“ஐயோ, அப்பிடி இல்ல மதினி. எனக்கு...”

“உங்களுக்கு என்ன?”

குருவம்மாள் வாயைத் திறந்தாள். உள்ளே அருஞ்சுனை வெள்ளைச் சட்டையை உதறிப் போட்டுக்கொள்கிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, திருச்சுழியில் முகாம்.

“கை தவறிருச்சு” என்றாள்.

ராமலட்சுமியின் செருப்புச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அருஞ்சுனை வெளியே வந்து படியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“ஓடிப்போயிச் சொல்லட்டுமா? கூட்டிட்டுப் போங்க. இப்பவே சொல்லிருதேன்.”

அருஞ்சுனை பேட்ஜைச் சட்டையில் குத்தினார். கழற்றினார். பிறகு செம்பில் தண்ணீர் மொண்டுவந்து, குனிந்து உட்கார்ந்து நிலைப்படியைக் கழுவ ஆரம்பித்தார். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஆம்பளை வாசலைத் தேய்க்கிறார். பொம்பளை கதவில் சாய்ந்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பார்த்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு பஜாருக்கு நடந்தார்கள்.