அக்கா தாழ்த்தி உட்கார்ந்த நாற்காலி

நாற்காலிகள் மலைக்கு வந்து இறங்கிய அன்று அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மேலாளர், மூட்டை எடை போடும் அண்ணன், கணினியில் கணக்கு ஏற்றும் அக்கா, ஊர் ஊராகப் போய் விவசாயிகளைப் பதிவு செய்யும் நான். அக்காவின் மாமனார் அன்று அங்கே இல்லை. மலையூர்கள் பல சேர்ந்த பைல் நாட்டில் தன் தோட்டத்தில் மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்திருப்பார். அவர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று நாங்கள் எடுத்த ஒரே முடிவை அவருக்காகத்தான் எடுத்தோம், அவரைக் கேட்காமலே.

எங்களுடையது திண்ணனூர் நாட்டில் இரண்டு அறைகள் கொண்ட சிறிய அலுவலகம். மலையில் விளையும் மிளகையும் காப்பியையும் வாங்கிக் கீழே அனுப்புவதுதான் வேலை. அதுவரை பிளாஸ்டிக் நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்தவை சுழலும் நாற்காலிகள், மூன்று. உட்காரும் பலகைக்குக் கீழே ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் ஏறும், உட்கார்ந்தபடி இழுத்தால் புஸ்ஸென்று இறங்கும். மேலாளர் இரண்டு முறை ஏறி இறங்கிப் பார்த்தார். எடை அண்ணன், "சார், தேருக்குப் போனா ராட்டினம் ஏறக் காசு குடுக்கணும், இங்க சம்பளமே குடுத்து ஏத்தி எறக்குறாங்க" என்றார். கடைசியாக அக்கா உட்கார்ந்தார். அவர் குள்ளமானவர். மேசையோ யாரோ நெட்டையான ஆளுக்காகச் செய்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தவரை தோள் இரண்டையும் காது வரை தூக்கிக்கொண்டுதான் தட்டச்சு செய்வார். அன்று கைப்பிடியை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டார். முழங்கை மேசையின் மட்டத்துக்கு வந்தது. தோள் இறங்கியது. காலுக்கடியில் ஒரு காப்பிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, "மொத மொதலா மேசை எனக்குக் கீழ இருக்குது தம்பி" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு ஒரு பிற்பகல் வரைக்கும்தான். சாயங்காலம் கிளம்பும் முன் அவர் எதிரே கிடந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். சரக்கு கொண்டுவரும் விவசாயிகள் உட்காரும் பலாமரப் பெஞ்சு அது, முழங்காலுக்கும் கீழே நிற்கும் உயரம். அவருடைய மாமனார் வந்தால் அதில்தான் உட்காருவார். ஊர்ப் பெரியவர் அவர். கோயில் காரியமோ வழக்கோ, அவரைக் கேட்காமல் நடக்காது. அக்கா நாலு விரல் உயரம் மேலே இருப்பார், மாமனார் கீழே இருப்பார். "நல்லாருக்காதுங்க சார்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டுக் கைப்பிடியை இழுத்தார். நாற்காலி அடி வரைக்கும் இறங்கியது. மேலாளர் தலையாட்டினார். எடை அண்ணன், "அதுவும் சரிதானுங்க" என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன்.

நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கம். அப்பாவுக்குக் கட்டட வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் எப்போதும் மடித்த துணி இருக்கும். பெரியப்பா வந்தால் துணி இறங்கும், அவர் உட்காருவார், அம்மா வாசற்படி ஓரமாகத் தரையில் உட்காருவார். அம்மாவுக்கு இடுப்பு வலி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வலியையும் அந்தத் தரையையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றியதே இல்லை. படித்தவன் என்று பெயர் வாங்கியவன், பார்த்துப் பழகிய ஒன்றைக் கேள்வி கேட்க மட்டும் படித்திருக்கவில்லை.

அக்காவை ஒன்றும் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்று நாட்டு விவசாயிகளின் கணக்கையும் விரல் நுனியில் வைத்திருந்தவர். கல்யாணமாகி வந்த வீட்டில் அவரை வேலைக்கு அனுப்ப ஒருவருக்கும் மனமில்லை. கொழுந்தனார், நாத்தனார், பங்காளி என்று ஆளுக்கொன்று பேசியிருக்கிறார்கள். மாமனார்தான் கடைசியில், "போவட்டும்" என்றாராம். "அந்த ஒத்த வார்த்தைலதான் தம்பி நா இங்க ஒக்காந்திருக்கேன். அவரு முன்னால ஒசந்து ஒக்காந்தேன்னு நாலு பேரு போயிச் சொன்னா, அந்த வார்த்தைக்கு என்ன மருவாதி?" என்பார். அவர் பயந்தது மாமனாருக்கு அல்ல. அந்த வார்த்தை திரும்பப் போய்விடுமோ என்றுதான் பயந்தார். வேலை போனால் அவருக்கு மறுபடியும் அடுப்பும் காடும்தான்.

இடையில் ஒரு வாரம் வேறொரு வழி பார்த்தார். மற்ற நேரம் உயர்த்தி வைத்துக்கொள்வது, வாசலில் மாமனாரின் இருமல் கேட்டதும் இறக்கிவிடுவது. ஒரு சந்தை நாளில் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தபோது இருமல் கேட்டது. அக்கா கைப்பிடியை இழுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கிணற்றில் விட்ட வாளி போலப் புஸ்ஸென்று கீழே போனார். வந்தது மாமனார் இல்லை, புகையிலை இருமல்காரர் வேறொருவர். "ஏனுங்கக்கா, பள்ளத்துல உளுந்துட்டீங்களா?" என்று எடை அண்ணன் கேட்க, பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். ஆனால் அன்றைக்குப் பிறகு நாற்காலி மேலே ஏறவே இல்லை.

மிளகு வரத்து தொடங்கியதும் காலையிலிருந்து இருட்டும் வரை தட்டச்சு. அந்தப் பருவத்தில்தான் அவர் அடிக்கடி வலது கையை உதறுவதைக் கவனித்தேன். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகிறது என்றார். காத்துப் பட்டிருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டார். ஒருநாள் தேநீர் டம்ளர் அவர் கையிலிருந்து தானாக விழுந்தது. பிடித்துத்தான் இருந்தேன் என்று விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தபோது எப்படி உட்கார வேண்டும் என்று ஒரு படம் மாட்டியிருந்தார்கள். பாதம் தரையில் படிய வேண்டும், முழங்கால் மடங்கிய இடம் பலகையோடு சமமாக இருக்க வேண்டும், முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும், மணிக்கட்டு மேலே வளையக்கூடாது. அதை நினைவிலிருந்து ஒரு தாளில் வரைந்து அக்காவின் எதிர்ச் சுவரில் ஒட்டினேன். உண்மையாகவே உதவுவதாக நினைத்தேன். அக்கா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "படத்துல இருக்கறவளுக்கு மாமனாரு இல்லயாட்டம் இருக்குது தம்பி" என்றார். மேசையின் காலையாவது அறுத்துக் குறைக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மேசையின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். "நம்பர் போட்ட சாமான்ப்பா. காலை அறுத்துட்டு ஆடிட்டருக்கு யாரு பதில் சொல்றது?" அதோடு நானும் விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

இரண்டு பருவங்கள் கழித்து நாமக்கல்லுக்குப் போய்க் காட்டினார். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள் என்றார்களாம். நாற்காலி மட்டுமே காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. மிளகு உதிர்ப்பது, களை வெட்டுவது, தண்ணீர் சுமப்பது எல்லாம் சேர்ந்ததுதான் என்றார். ஆனால் மணிக்கட்டை மேலே வளைத்து நாள் முழுக்கத் தட்டச்சு செய்வீர்களா என்று அவர் கேட்டபோது, அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கிறார். அறுவை செய்தார்கள். வலி போயிற்று. விரலுக்குப் பிடிப்பு மட்டும் திரும்பவில்லை. கட்டைவிரலின் அடியில் இருந்த சதை வற்றிப்போய் உள்ளங்கை ஒரு பக்கம் பள்ளமாக இருந்தது. ஒரு மாதம் வந்து பார்த்தார். ஐந்து எண்களைத் தட்டுவதற்குள் இரண்டு தப்பாகிவிடும். தானே ஒருநாள் தாளை எடுத்து, வேலையை விட்டு விலகிக்கொள்கிறேன் என்று என்னை எழுதச் சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார். ஊர்க்காரர் ரசீதுகளில் எல்லாம் பார்த்த அந்த அழகான கையெழுத்து, முதல் வகுப்புப் பிள்ளை போட்டதுபோல் கோணலாக விழுந்தது. "வாரேன் தம்பி" என்றார். கணினி விசைப்பலகையின் தூசியைச் சேலை முந்தானையால் ஒருமுறை துடைத்துவிட்டுப் போனார்.

அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன். ஆள் கிடைக்கும்வரை என்றார் மேலாளர், இன்னும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாளில் அக்காவின் மாமனார் காப்பி கொண்டுவந்தார். எப்போதும்போல் பெஞ்சில் உட்கார்ந்தார். ரசீது வாங்கிக்கொண்டு எழுந்தபோது முடியவில்லை. மேசையைப் பிடித்தார், வழுக்கிற்று. நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன்.

"என்ன பெஞ்சு போட்டிருக்கறீங்க சாமி. முட்டி உட்டுப்போவுது. ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கறதுக்குள்ள உசிரு போயி வருது."

"சொல்லியிருக்கலாமில்லீங்கய்யா?"

"ஊருக்கெல்லாம் பொதுவான பெஞ்சு. எனக்கு நோவுதுன்னு எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. அக்கா அந்த நாற்காலியை எதற்காகத் தாழ்த்தி உட்கார்ந்தார், கை எப்படிப் போயிற்று என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நின்றபடியே கேட்டார். எடை அண்ணனும் தராசை விட்டு வந்து வாசலில் நின்றார்.

"கைநோவுன்னுதான் ஊட்டுல சொல்லுச்சு. நாற்காலின்னு சொல்லலியே" என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்து, "நா ஒசரமா ஒக்காரோணும்னு எப்பக் கண்ணு கேட்டேன்?" என்றார்.

கேட்கவில்லை. நான்கு பேரும் அவருக்காக முடிவு செய்தோமே தவிர, அவர் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் தாழ்ந்த பெஞ்சில் முட்டிவலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கும் கீழே தோளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிய மரியாதையில் இரண்டு பேரின் உடம்பும் நொந்தது. நடுவில் ஒரு மேசை மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் போய்ப் பேசக்கூடிய ஒரே ஆள் நான். என் வேலையே வீடு வீடாகப் போய் ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவதுதான். அவர் தோட்டத்துக்கே மூன்று முறை போயிருக்கிறேன். எத்தனை கொடி, எத்தனை மரம் என்று மட்டும்தான் கேட்டேன்.

எடை அண்ணன், பக்கத்தில் சரக்கு வைக்கும் கிட்டங்கி கட்டக் கல் இறக்கியிருந்தவரிடம் போய் நான்கு கல் வாங்கிவந்தார். ஆறங்குலக் கல். நானும் அவரும் பெஞ்சைத் தூக்க, பெரியவர் காலுக்கு ஒன்றாகக் குச்சியால் தள்ளி வைத்தார். உட்கார்ந்து பார்த்தார். கை ஊன்றாமல் எழுந்தார். பழைய வழக்கமாக மேசைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அக்கா நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்திருந்தால்கூட இனி அவர்தான் நாலு விரல் மேலே இருப்பார். "இவ்வளவுதானா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலாம். களைத்துப்போய்க் கேட்டார்.

மறுநாள் மேலாளர் செலவுச் சீட்டு எழுதச் சொன்னார். பெஞ்சு உயர்த்திய வகைக்கு என்று எழுதினேன். கூலி இல்லை, சிமென்ட் இல்லை. கல் நான்கு, ஒன்று நாற்பத்தைந்து வீதம், ஆக மொத்தம் நூற்று எண்பது ரூபாய்.