திரையைப் பார்த்து எழுதிய பாடம்

பெருங்களத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர்கள், நடுநடுவே பிளைவுட் தடுப்புகள். சனிக்கிழமை மதியங்களில் ஒரு மணி நேரம் அங்கே உட்காருவேன். பக்கத்துத் தடுப்புகளில் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள், மணிக்கணக்கில் சாட்டிங் செய்கிறவர்கள். அவர்களுக்கு மத்தியில் மடியில் நோட்டோடு ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர். கடையைப் பார்த்துக்கொண்ட அண்ணாவுக்கு நான் எதற்கு வருகிறேன் என்று பல வாரங்கள் விளங்கவே இல்லை.

பாடம் தேடித்தான் போனேன். ப்ளஸ் டூ பிள்ளைகளைப் புத்தகத்தை அப்படியே ஒப்பிக்க வைத்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. இன்டர்நெட்டில் எல்லாமே சும்மா கிடைக்கிறது என்றார்கள். அதில் எது உருப்படி என்று யாரும் சொல்லவில்லை. இலவசம் என்று தலைப்பில் போட்டுவிட்டு மூன்றாவது பக்கத்தில் கிரெடிட் கார்டு எண் கேட்கும் தளங்கள் ஒரு பக்கம். சமன்பாட்டை ஒழுங்காகச் சமன் செய்யத் தெரியாதவர்கள் போட்ட நோட்ஸ் இன்னொரு பக்கம். தள்ளித் தள்ளி, நாலைந்து மாதம் கழித்து ஒன்று அகப்பட்டது. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு கல்லூரி ஆசிரியர் தன் மாணவர்களுக்காக எழுதிப் போட்டிருந்த பாடங்கள். ஏன், எதற்கு என்று ஒவ்வொரு படியாக விளக்கியிருந்தார். பக்கத்தின் அடியில், ஆசிரியர்களும் மாணவர்களும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த சென்டரின் பிரின்டர் பாதி நாள் படுத்துவிடும். அதனால் திரையைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்வேன், படங்களையும் வரைந்துகொள்வேன். அதை ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். என் கையெழுத்தில் இருந்ததால் நானே யோசித்து எழுதியது என்று நினைத்தார்கள். ஸ்டாஃப் ரூமிலும் அப்படித்தான் பேச்சு. நான் மறுக்கவில்லை. தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்ன பாடத்தை நான் தாராளமாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு பெண். திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவள் அத்தாவுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார். “இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு சொல்லிகினு கீது டீச்சர். கவர்மென்ட் காலேஜ்ல சீட்டு கெடச்சா படிக்கட்டும், நான் வேணாங்கல. டொனேஷன் குடுக்க நம்மாண்ட இன்னா கீது?” கட்-ஆஃபில் அரை மார்க் குறைந்தாலும் அவளுக்கு அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

மின்கலம் பாடம் வந்தது. துத்தநாகத் தகடும் தாமிரத் தகடும் வைத்து மின்சாரம் எடுப்பது. அந்தத் தளத்தில் அதற்கு அருமையான படம் இருந்தது. நான் வரைந்து முடிப்பதற்குள், “டைம் முடிஞ்சிடுச்சு டீச்சர், ஆள் வெய்ட்டிங்” என்றார் அண்ணா. தகடுகளுக்குக் கூட்டல், கழித்தல் குறி போடுவது மட்டும் பாக்கி. அடுத்த சனிக்கிழமை போய்ப் போட்டு முடித்தேன்.

ஜெராக்ஸ் கொடுத்த மறுநாள் அந்தப் பெண் எழுந்து நின்றாள். “மிஸ், துத்தநாகத்துலேர்ந்துதானே எலக்ட்ரான் வெளிய வருது? அப்ப அது மைனஸாதானே இருக்கணும்? நீங்க பிளஸ் போட்டிருக்கீங்க. புக்லயும் மைனஸ்தான் இருக்கு.”

புத்தகம் என் மேசை மேல்தான் கிடந்தது. புரட்டினால் அரை நிமிஷம். வகுப்பே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. “புக்கை விட இது கரெக்ட். நான் எவ்வளவு தேடி எழுதினது தெரியுமா? உட்கார்” என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு அந்த வருஷம் முழுக்க அவள் என்னிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. நன்றாகப் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பொதுத்தேர்வில் அந்தப் படத்தைக் கேட்டார்கள்.

ரிசல்ட் வந்தபோது கணக்கிலும் இயற்பியலிலும் அள்ளியிருந்தாள். கெமிஸ்ட்ரியில் சறுக்கல். கட்-ஆஃபில் கொஞ்சம்தான் குறைந்தது, கவுன்சலிங்கில் அவள் முறை வருவதற்குள் அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்துவிட்டன. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்திருந்தாள். அது வந்ததும் பள்ளிக்கு எடுத்து வந்தாள். என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, எங்கே மார்க் போயிற்று என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

புரட்டிக்கொண்டே வந்தேன். அந்தப் பக்கத்தில் என் படம் இருந்தது. என் படமேதான், நான் அம்புக்குறி போடும் விதம்கூட மாறாமல். அதன் மேல் குறுக்கே, திருத்தியவர் போட்ட ஒரு கோடு. அன்று மதியமே சென்டருக்கு ஓடிப்போய் அந்தத் தளத்தைத் திறந்தேன். அந்த ஆசிரியர் சரியாகத்தான் போட்டிருந்தார். அடுத்த பக்கத்தில் வேறொரு படம் இருந்தது, மின்சாரத்தைச் செலுத்தி உலோகத்தைப் பிரித்தெடுப்பது. அதில் குறிகள் நேர்மாறாக இருக்கும். இரண்டாவது சனிக்கிழமை நான் திறந்தது அந்தப் பக்கத்தை.

மறுநாள் அவளை வரச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். மறைக்காமல் முழுவதையும் சொன்னேன், பாடங்கள் என்னுடையவை அல்ல என்பது உட்பட. கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிக் கோபித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் நகலை மேசைமேல் விரித்து, துத்தநாகத் தகட்டின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே சின்னதாக ஒரு கழித்தல் குறி இருந்தது. அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கூட்டல் போட்டிருந்தாள்.

“மொதல்ல சரியாத்தான் போட்டேன் மிஸ்” என்றாள். “அப்புறம் உங்க மொகம் ஞாபகம் வந்துச்சு.”