பூங்கொடி இணங்காத இடம்

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றிருந்தபோது பூங்கொடியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார். ஊட்டுக்குக் கொண்டாந்துட்டோம், வாங்க." வெண்ணந்தூர் போய்ச் சேரும்வரை பேருந்தில் என்னால் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

கல்லூரியில் எங்கள் வரலாற்றுத் துறையில் பௌத்தப் பாடம் அவருடையது. புத்தர் மறைந்தபின் பிக்குகள் கூடி, அவர் போதித்தவற்றை ஓதி உறுதிசெய்த மாநாடுகளை மாணவர்கள் ஊர், அரசர், தலைவர் என்று மனப்பாடம் செய்வார்கள். பூங்கொடிக்கு அது போதாது. முதல் மாநாட்டில் புத்தரின் அணுக்கச் சீடர் ஆனந்தர்மேல் மற்ற பிக்குகள் சாட்டிய குற்றங்களைச் சொல்லி ஒருநாள் ஆசிரியர் அறையில் கொதித்தார். "பொம்பளைங்களச் சங்கத்துல சேக்கச் சொன்னது தப்பாமுங்க சார். ஆனந்தரும், எனக்குத் தப்பாத் தெரியல, ஆனா உங்களுக்காக ஒத்துக்கறேன்னுட்டாரு. நானா இருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேனுங்க."

அந்த மாநாடுகளைப் பற்றி இருவரும் சேர்ந்து ஒரு பாடநூல் எழுதினோம். அதில் புராணர் என்ற பிக்குவுக்கு அவர் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். மாநாடு முடிந்தபின் வந்து சேர்ந்தவர் புராணர். நீங்கள் ஓதியது நன்று, ஆனால் புத்தரிடம் நானே கேட்டதை அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டவர். பக்கங்கள் கூடிப்போனதால், பூங்கொடியைக் கேட்காமலே அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். அச்சான பிறகுதான் பார்த்தார்.

"ஏனுங்க சார் எடுத்தீங்க?"

"பரீட்சைக்கு வராதுங்க மேடம்."

"இப்படித்தானுங்க, ஒத்துவராத ஆளெல்லாம் காணாமப் போறாங்க."

பத்தியைத் துண்டுச் சீட்டாக அச்சிட்டு, ஒவ்வொரு பிரதியிலும் தன் கையாலேயே ஒட்டினார். பிறகு இரண்டு ஆண்டுகள் என்னிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. எதிர் மேசையில்தான் இருந்தார். மன்னிப்புக் கேட்க எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

போன மாதம் ஒருவழியாகத் தொலைபேசியில் கேட்டேன். "ஞாயித்துக்கெழம உங்க ஊட்டுக்கு வாரேனுங்க சார். புஸ்தகத்தத் திரும்ப எழுதலாம். நமக்கு ஒத்துப்போகாத எடத்துல ரெண்டு பேரு சொல்றதயும் போட்டுருவோம்." ஞாயிறன்று அவர் மருத்துவமனையில் இருந்தார்.

கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் தீர்மானம் வாசித்தார்கள்: 'எல்லோரிடமும் இணங்கிப் போனவர்.' தலைகள் ஆடின. நான் எழுந்துவிட்டேன்.

"இல்லீங்க. எங்கிட்ட இணங்கிப் போகல. அவங்க பக்கந்தான் நியாயம். அந்த வரிய எடுத்துருங்க."

இறந்தவரைப் பற்றி இப்படியா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார். வரியை எடுக்கவில்லை.

அவரை அறிந்தவர்களே, அதனால்தான் இதை எழுதுகிறேன். அவருடைய நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் என்னோடு பேசாதிருந்த அந்த இரண்டு ஆண்டுகளை நான் வைத்துக்கொள்கிறேன்.